கொள்ளு காயும் சாலை

நாற்பத்தோராவது நாளும் அந்தப் பெட்டி என்னிடம் அதையேதான் சொன்னது. "பயிற்சி தொடர்கிறது. நாளை மீண்டும் வருக."

நிதானமான பெண் குரல். அது பேசி முடித்த பிறகுதான் கதவின் பூட்டு கழலும். உள்ளே ஒரு காரின் முன்பாதி மட்டும் இருக்கும். ஓட்டுநர் இருக்கை, ஸ்டீயரிங், கியர், மூன்று மிதிகள், பின்னால் கொஞ்சம் வெற்றிடம். சுற்றிலும் திரை. திரையில் சாலை ஓடும், அதற்கேற்பப் பெட்டி குலுங்கும், சாயும். இரண்டு மணி நேரத்துக்குக் கதவு திறக்காது. கவனம் சிதறக்கூடாதாம். அவசரத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு, ஆனால் அதை அழுத்தினால் அன்றைய பயிற்சி செல்லாது. சர்க்கரை வியாதிக்காரியான நான் காலைக் காபியைக்கூடக் குடிக்காமல்தான் உள்ளே போய் உட்காருவேன்.

அறுபத்தைந்து வயது தாண்டியவர்கள் கார் ஓட்டவேண்டுமானால் புத்தாக்கப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று சட்டம் வந்து மூன்று வருஷமாகிறது. அதுவரை உரிமம் நிறுத்திவைக்கப்படும். இப்போது வருகிற கார்கள் கைரேகையையும் உரிமத்தையும் சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்பும் என்பதால் திருட்டுத்தனமாக ஓட்டவும் வழியில்லை. ஒரு வாரப் பயிற்சி என்று அறிவிப்பில் போட்டிருந்தது. தேவைப்பட்டால் நீட்டிக்கப்படும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் நான் படித்தேன். ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவள் நான். பொடி எழுத்தைப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

எத்தனை பேரை எத்தனை தடவை 'நாளைக்கு வாங்க' என்று திருப்பி அனுப்பியிருப்பேன். அதெல்லாம் சேர்ந்து ஒரு பெண் குரலாக வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். மேலிடத்துக்கு மனு எழுதிப் போட்டேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அது நானே ஆயிரம் தடவை எழுதிய வாக்கியம்தான்.

என் ஆத்திரம் எனக்காக இல்லை. என் மகன் எழிலனுக்காக. அவனுக்கு முப்பத்தெட்டு வயது. பேச்சு நாலைந்து சொற்களோடு சரி. ஆட்டிசம் என்று டாக்டர்கள் ஒரு பெயர் சொன்னார்கள். நாங்கள் வைத்த பெயரே போதும் என்று அவனை அவன் போக்கில் வளர்த்தோம். அவன் அப்பா போய் ஒன்பது வருஷமாகிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

தர்மபுரியில் எங்கள் வீட்டிலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்தில் ஒரு நாற்றுப்பண்ணை இருக்கிறது. பைகளில் மண் நிரப்பி விதை ஊன்றுவது எழிலனின் வேலை. பதினொரு வருஷமாகப் போகிறான். அங்கே அவன் வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஆனால் நான் ஓட்டினால்தான் வண்டியில் ஏறுவான். பஸ், ஆட்டோ, பக்கத்து வீட்டுக் கார் எதுவானாலும் ஏற்றிய நிமிஷமே தலையைக் கண்ணாடியில் மோதிக்கொள்வான். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு எவர்சில்வர் டம்ளர். விளிம்பு வரை தண்ணீர் பிடித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்சீட்டில் உட்காருவான். அது சிந்தக்கூடாது. சிந்தினால் அன்றைய பொழுது போச்சு. அந்த டம்ளருக்காகத்தான் நான் ஓட்டுவதையே முதலிலிருந்து கற்றுக்கொண்டேன். பிரேக் எங்கே தேவைப்படும் என்பது முப்பது அடிக்கு முன்னாலேயே என் காலுக்குத் தெரியும். பத்தொன்பது கிலோமீட்டருக்கும் ஒரு சொட்டு சிந்தாது. இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வழியில் ஒரு புளியமரத் திருப்பம். மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை எங்கள் பக்கத்துச் சாலைகளெல்லாம் களம்தான். அறுத்த கொள்ளுக்கொடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் மேலே ஏறிப்போனால் காய் வெடித்து மணி உதிரும். ஏறாமல் ஒதுங்கிப் போனால்தான் கோபித்துக்கொள்வார்கள். புளியமரத்தடி கெம்பம்மாவின் இடம். கொடியை இடுப்பளவு குவித்துவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பரப்புவாள். குவியலுக்குப் பின்னால் குனிந்திருந்தால் ஆள் இருப்பதே தெரியாது. அதனால் இரண்டு தடவை சின்னதாக ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருப்பேன். அவள் தலை மேலே வரும், கை உயரும். அதன் பிறகுதான் நடக்கிற வேகத்தில் ஏறுவேன். எழிலன் பின்னாலிருந்து டம்ளரைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவான். வேறு யாருக்கும் அவன் அப்படிச் செய்ததில்லை.

இந்த நாற்பத்தொரு நாளாக அவன் பண்ணைக்குப் போகவில்லை. காலை எட்டு மணிக்கு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, வாசலில் நிற்கிற காரில் போய் உட்கார்ந்துவிடுகிறான். எதிர்வீட்டுப் பெண் ஒரு கண் வைத்துக்கொள்வாள். பதினொன்றரைக்கு நான் திரும்பி வரும்போதும் அப்படியேதான் இருப்பான். "நாத்து" என்பான். நாளைக்குப் போகலாம் என்பேன்.

என்னோடு பயிற்சிக்குச் சேர்ந்தவர்களில் கஜேந்திரன் என்று ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் இருந்தார். முதல் நாளே திரைச்சாலையில் இரண்டு எருமைகளையும் ஒரு பால்காரரையும் இடித்தார். ஐந்தாம் நாள் அவர் கையில் சான்றிதழ். அவர் காரில் ஒரு காப்புக் கருவி மாட்டிவிட்டார்களாம். அவர் தப்பு செய்தால் அதுவே பிரேக் போட்டுக்கொள்ளுமாம். மருந்துக்கடையில் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"நீங்க நல்லா ஓட்டறீங்க தமயந்தி மேடம். அதான் உங்க சிக்கல். என்னை மாதிரி நாலு இடி இடிச்சுப் பாருங்க, அவங்களே தொரத்தி விட்டுடுவாங்க."

அவர் விளையாட்டாகச் சொன்னதை என்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மறுநாள் பயிற்சி மையத்தில் சுபாஷினியைப் பிடித்தேன். பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற ஒப்பந்த ஊழியர், முப்பது வயதிருக்கும், நல்ல பெண். முதலில் மழுப்பினாள். நான் விடுவதாக இல்லை என்று தெரிந்ததும் வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போனாள்.

"பயிற்சி முடிஞ்சுதுன்னு மெஷின்தாம்மா சொல்லணும். ஆனா இங்க கத்துக்கறது நீங்க இல்ல. அது."

டிரைவர் இல்லாத மினி பஸ்கள் நம் பக்கத்தில் ஓடப்போகின்றன என்றாள். அவற்றுக்கு வேறு தேசத்துச் சாலைகள் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. இங்கே கொண்டுவந்து விட்டால் திருதிருவென்று விழிக்கின்றன. ரோட்டில் ஏதாவது கிடந்தால் நிற்கவேண்டும் என்பது விதி. கொள்ளுக்கொடியைக் கண்டு நின்றால் தை மாதம் முழுக்க அங்கேயே நிற்கவேண்டியதுதான். அதனால் இந்த ஊர் ஆட்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்த்துப் படித்துக்கொள்கின்றன. வயதானவர்கள் என்றால் வா என்றால் வருவார்கள், இரு என்றால் இருப்பார்கள்.

"கஜேந்திரன் சார்கிட்ட அதுக்குக் கத்துக்க ஒண்ணுமில்ல, விட்டுடுச்சு," என்றாள். "உங்ககிட்ட இருக்குது. அதான் விட மாட்டேங்குது. தெரையில கொள்ளு கெடக்கற எடத்துல ஒரு நாள் மூணு செகண்ட் நிக்கறீங்க, ஒரு நாள் இருவது செகண்ட் நிக்கறீங்க. ஏன்னு அதுக்குப் புரியல. சந்தேகம் தீர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப அதையேதான் போடும். அந்த எடத்துக்கு ஓட்டிக் காட்ட உங்களை விட்டா வேற ஆளும் இல்ல."

திரையிலும் குவியலுக்குப் பின்னால் ஒரு பெண் இருப்பாள். சில நேரம் சட்டென்று எழுவாள், சில நேரம் மெதுவாக. அவள் தலைக்காகத்தான் நிற்கிறேன் என்று யந்திரத்துக்கு யார் சொல்வது? பெட்டிக்குள் பேசிப் பார்த்தேன். 'கவனம்' என்று என்னைத்தான் எச்சரித்தது.

நாற்பத்து மூன்றாம் நாள் வீடு திரும்பினால், நின்றிருந்த காரின் கண்ணாடியில் ரத்தம். எதிர்வீட்டுப் பெண் உள்ளே எதற்கோ போன கால் மணி நேரத்தில் எழிலன் நெற்றியை மோதி உடைத்துக்கொண்டிருந்தான். டம்ளர் மட்டும் கையில் அப்படியே இருந்தது, தண்ணீர் இல்லாமல். நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவன் அழவில்லை. கார் ஏன் போகவில்லை என்று ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளிலிருந்து நான் கெட்டவளாக ஓட்டினேன். யாரையும் இடிக்க மனம் வரவில்லை. ஆனால் ஹாரன் அடிக்கவில்லை, வேகம் குறைக்கவில்லை. கொள்ளுக் குவியல் நாளைக்கு மூன்று தடவை வீதம் நான்கு நாள் வந்தது. பன்னிரண்டு தடவையும் நேராக ஏறிப்போனேன். பின்னால் அந்தப் பெண் இருந்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வெறும் படம்தான் என்றாலும் பார்க்கத் துணிவில்லாமல் அந்த நேரத்தில் பார்வையை மைல்கல்லில் வைத்துக்கொண்டேன். கஜேந்திரனைத் தள்ளியதுபோல என்னையும் தள்ளிவிடும், அவ்வளவு பெரிய மூளைக்கு நல்லது கெட்டது தெரியாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் அதே குரல் சொன்னது. "பயிற்சி நிறைவுற்றது. நன்றி."

இரண்டு பக்கச் சான்றிதழ். முதல் பக்கத்தில் என் புகைப்படமும் முத்திரையும் இருந்தன. பார்த்ததும் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். அன்று மதியமே எழிலனைப் பண்ணைக்கு அழைத்துப் போனேன். புளியமரத் திருப்பத்தில் ஹாரனைக் கேட்டு எழுந்த கெம்பம்மா காருக்கே வந்துவிட்டாள். இத்தனை நாளாக எங்கே போய்விட்டீர்கள், தம்பி இளைத்துப் போச்சே என்று அங்கலாய்த்தாள். எழிலன் டம்ளரைத் தூக்கிக் காட்டினான். அடுத்த ஒன்பது நாளும் எனக்கு இருபது வயது குறைந்திருந்தது.

பத்தாம் நாள் காலை திருப்பத்தில் கூட்டம். புத்தம் புது மினி பஸ் ஒன்று, சக்கரங்களில் கொள்ளுக்கொடி சுற்றிக்கொண்டு, ஆளில்லாமல் நின்றிருந்தது. உள்ளேயிருந்து அந்தப் பெண் குரல் தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தது. கெம்பம்மாவை அப்போதுதான் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவள் தம்பி என் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஹாரனும் அடிக்கல, நிக்கவும் இல்லக்கா. நேரா குவியல் மேலயே ஏறிடுச்சு. ஆளு இருக்குமான்னு ஒரு நெனப்பு வேணாமா?"

எழிலன் பின்சீட்டில் டம்ளரைத் தூக்கினான். குவியலுக்குப் பின்னாலிருந்து யாரும் எழவில்லை. தூக்கிய கையை இறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் காரை எடுத்தேன், என் கால் தடுமாறியது, வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. நான் ஓட்டும்போது பல வருஷத்தில் முதல் தடவையாக அவன் சட்டை நனைந்தது. அவன் சத்தம் போடவில்லை. நனைந்த இடத்தைக் கையால் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

சாலையோரத்தில் நிறுத்திக் கைப்பையைத் திறந்தேன். சான்றிதழின் இரண்டாம் பக்கத்தை அப்போதுதான் படித்தேன். நான் ஓட்டிக் காட்டியவற்றில் கொள்ளு கிடக்கும் சாலை முழுமையாக ஏற்கப்பட்டது என்றும், அதில் இனி ஐயம் இல்லை என்றும், இருநூற்றுப் பன்னிரண்டு வாகனங்களில் அது சேர்க்கப்பட்டுவிட்டது என்றும் எழுதியிருந்தது. பொடி எழுத்துகூட இல்லை. கொட்டை எழுத்து.

பயிற்சி மையத்துக்குப் போனேன். சுபாஷினிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"அது என்னைத் தள்ளிவிடும்னுதானே நெனச்சேன்," என்றேன்.

"பன்னெண்டு தடவையும் ஒரே மாதிரி போனீங்கம்மா. அதுக்கு இருந்த கொழப்பம் தீந்துடுச்சு. நீங்க கெட்டதா ஓட்டறீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அந்த எடத்துக்கு நீங்க என்ன செய்யறீங்களோ அதான் அதுக்கு நல்லது."

வண்டிகளை நிறுத்தமாட்டார்களா என்று கேட்டேன். அவளும் எழுதிப் போட்டிருக்கிறாளாம், பரிசீலனையில் இருக்கிறதாம். ரோட்டில் காயப்போட்டது அந்தப் பெண்ணின் குற்றம் என்று அறிக்கை தயாராகிவிட்டதாம். நானே திரும்ப உள்ளே உட்கார்ந்து சரியாக ஓட்டிக் காட்டினால் மாறுமா என்றேன். மாறலாம் என்றாள். ஆனால் உரிமம் வைத்திருப்பவர்களை உள்ளே விடமாட்டார்கள், அதை ஒப்படைக்கவேண்டும்.

"எத்தனை நாள் ஆகும்?"

"சொல்ல முடியாதும்மா. தெளிஞ்சத மொதல்ல கொழப்பணும். கொழம்பினது அப்புறம் தெளியணும். மாசக்கணக்குல ஆகலாம்."

நான் உத்தமி இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். கொள்ளு இன்னும் பத்து நாளில் முடிந்துவிடும், அடுத்த தை வருவதற்குள் யாராவது எதையாவது செய்வார்கள் என்று கணக்குப் போட்டேன். இந்த இரண்டு நாளும் எழிலனைப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டும் போனேன். குவியல் கண்ட இடத்திலெல்லாம் இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கெம்பம்மாவுக்கு இடுப்பும் தொடையும் உடைந்திருந்தன. இனி குனிந்து வேலை செய்ய முடியாது என்று அவள் தம்பி வெளியே சொல்லியிருந்தான். என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"தம்பி பண்ணைக்கு ஒழுங்காப் போவுதாம்மா?"

போகிறான் என்றேன். செய்தது நான்தான் என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. அங்கிருந்து நேராகப் பயிற்சி மையத்துக்குப் போய் உரிமத்தை மேஜைமேல் வைத்தேன்.

சுபாஷினியிடம் ஒரே ஓர் உதவி கேட்டேன். பெட்டிக்குள் இருக்கிற கேமரா ஓட்டுகிறவளின் முகத்தை மட்டும்தான் பார்க்கும் என்பது அவளுக்கும் தெரியும். மறுநாள் என் இருக்கைக்குப் பின்னாலிருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றால் கட்டிவைத்திருந்தாள். வீட்டிலிருந்து நடத்தியே கூட்டி வந்திருந்த எழிலன் வாசலில் நின்று பெட்டியை மேலும் கீழும் பார்த்தான். நான் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்ததும், டம்ளரோடு ஏறிப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். பூட்டு விழுந்தது.

திரையில் சாலை கிளம்பியது. பெட்டி சாய்ந்தது, குலுங்கியது. ரொம்ப நாள் கழித்து நான் டம்ளருக்காக ஓட்டினேன். புளியமரம் வந்தது, குவியல் வந்தது. இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு நின்றேன். ஐந்து, பத்து, பதினெட்டு என்று நொடிகள் போயின. பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் தலை எழுந்தது, கை உயர்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். எழிலன் திரையைப் பார்த்து டம்ளரைத் தூக்கிக் காட்டினான்.

இரண்டு மணி நேரம். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"பயிற்சி தொடர்கிறது. நாளை மீண்டும் வருக," என்றது குரல். பூட்டு கழன்றது.

எழிலன்தான் முதலில் இறங்கினான். டம்ளரை ஏந்திக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். தகரக் கூரை, மின்விசிறி, வரிசையாக ஏழு பெட்டிகள், புறப்பட்ட அதே இடம். சுவரோரம் வரை போய்க் குனிந்து தேடினான். நாற்றுப் பைகள் இல்லை, மண் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். அவன் மோதிக்கொள்ளப் போகிறான் என்று நானும் சுபாஷினியும் ஓடினோம். அவன் எங்களைத் தாண்டி நடந்துவந்து, பெட்டிக்குள் ஏறி, தன் நாற்காலியில் உட்கார்ந்து, டம்ளரை நேராகப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் வரல," என்றான்.

நானும் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, கதவைச் சாத்தும்படி சுபாஷினியிடம் சொன்னேன்.